குழந்தைகள் அவசரப் பிரிவில் மருந்துத் தட்டுப்பாடு: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, வயலுக்கு அடிக்க வைத்திருந்த ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறது. அதற்கு முறிவு மருந்தான அட்ரோபின் கிலோவுக்கு 0.05 மி.கி. வீதம் முதல் டோஸ் 1 மி.கி. நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும்: 1, 2, 4, 8. நான்கு டோஸில் 15 மி.கி. ஆகிவிட்டது. நம் வார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஆம்பூல் ஒன்றில் 0.6 மி.கி.தான் உண்டு. ஆக, முதல் கால் மணி நேரத்துக்கு மட்டும் 25 ஆம்பூல். அதன்பிறகு, கொடுத்த மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கை மணிக்கு மணி ஓட்டினால் ஒரு நாளைக்கு இன்னும் 60 வேண்டும்.

இப்போது உங்கள் எமர்ஜென்சி ட்ராலியைத் திறந்து அட்ரோபின் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு எண்ணியபோது பத்து இருந்தது. அதையும் குழந்தை வந்த பிறகுதான் எண்ணினோம். பெரியவர்கள் வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தார், குழந்தை பிழைத்தது. அவர் அன்று லீவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் டியூட்டி டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இதை எழுதுவது அதனால்தான். இதிலுள்ள அளவுகளை உங்கள் மருத்துவமனையின் சிகிச்சை நெறிமுறையோடும் மூத்த குழந்தை மருத்துவரோடும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது

நம் மருத்துவமனையில் யாரும் தவறு செய்யாவிட்டாலும் மருந்து தீர்ந்துபோகும். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினாவில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்த நாட்டில் பயன்படும் ட்ரிப் திரவங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அத்தனை பணக்கார நாட்டில் மருத்துவமனைகள் சலைனை அளந்து செலவழித்தன. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்து இறக்குமதியும் தடுமாறியது. அந்த ஆண்டு மார்ச்சில் பேராதனை போதனா மருத்துவமனை, முன்பே நாள் குறித்திருந்த அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் செருகும் டியூபுகள்கூட அந்த நாட்டில் கையிருப்பில் குறைந்தன.

குழந்தைகளிடம் இந்த அடி முதலில் விழுகிறது. பெரியவருக்கு ஒரு மாத்திரை இல்லையென்றால் வேறு கம்பெனி மாத்திரை கிடைக்கும். சிரப், ட்ராப்ஸ், சின்ன அளவு ஆம்பூல் போன்றவற்றைச் செய்பவர்கள் குறைவு, வாங்குபவர்களும் குறைவு. ஒருவர் நிறுத்தினால் சந்தையே காலியாகிவிடும். இன்னொன்று, குழந்தைக்கு எல்லாமே எடைக் கணக்கு. வேறு செறிவில் மருந்து வந்தால், நேற்றுவரை கை பழகியிருந்த 'இரண்டு மி.லி.' இன்று ஆபத்தாகிவிடும். என் அனுபவத்தில், மருந்து இல்லாமல் போனதைவிட, நள்ளிரவு அவசரத்தில் யோசிக்காமல் எடுத்த மாற்று மருந்துதான் அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. அதனால் கீழே சொல்லும் எல்லாமே பகலில், ஆற அமர உட்கார்ந்து செய்யவேண்டிய வேலைகள்.

முதல் வேலை: மூன்று கட்டமாகப் பிரியுங்கள்

வார்டில் இருக்கும் மருந்துகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லையென்றால் குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்?

சில நிமிடம்தான் என்றால் சிவப்பு. அட்ரினலின், டெக்ஸ்ட்ரோஸ், மிடசோலம் அல்லது லோரசிபாம், அட்ரோபின், நார்மல் சலைன், சால்பூட்டமால், கெட்டமைன், தசைத் தளர்த்தி மருந்து, கால்சியம் குளுகோனேட். ஆக்சிஜனை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. சில மணி நேரம் என்றால் மஞ்சள்: செஃப்ட்ரியாக்சோன், லெவெடிராசெட்டம், ஸ்டீராய்டு, பாம்புக்கடி மருந்து, தேள்கடிக்கான பிரசோசின். நாளைக்குக் கொடுத்தாலும் சரி என்றால் பச்சை. பச்சையில் நேரத்தை வீணாக்காதீர்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து 25 மருந்தைத் தாண்டாது. அந்த 25ஐத்தான் உயிராகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்று இரண்டு விதமாகக் கணக்கிடுங்கள்

ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்து, மாதத்துக்கு எத்தனை செலவாகிறது என்று இன்டெண்ட் (மருந்து கேட்புச் சீட்டு) போடுவது வழக்கம். அது சராசரிக் கணக்கு. அவசரப் பிரிவில் சராசரி ஏமாற்றும். மாதத்துக்கு எட்டு அட்ரோபின் செலவாகும் வார்டில், ஒரே குழந்தைக்கு முதல் நாளிலேயே 85 தேவைப்பட்டதைத்தான் மேலே பார்த்தோம். ஆகவே ஒவ்வொரு சிவப்பு மருந்துக்கும் இரண்டாவதாக ஓர் எண் வேண்டும்: மிக மோசமான நிலையில் வரும் ஒரு குழந்தைக்கு முதல் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு ஆகும்? இரண்டில் எது பெரிதோ, அதற்குக் கீழே கையிருப்பு இறங்கும் நாளிலேயே மணி அடிக்க வேண்டும்.

பாம்புக்கடி மருந்தில் இந்தக் கணக்கைப் பலர் தவறாகப் போடுகிறார்கள். குழந்தைதானே, பாதி வயல் (மருந்துக் குப்பி) போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பாம்பு குழந்தையின் எடை பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. பெரியவருக்கு எத்தனை வயலோ, குழந்தைக்கும் அத்தனையே. வழக்கமாகத் தொடக்கமே 8 முதல் 10 வயல், தேவைப்பட்டால் மறுபடியும். செலுத்தும் திரவத்தின் அளவைத்தான் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். இந்த மருந்துக்கு மாற்று என்று எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்திலும் அறுவடையிலும் கடி கூடும், அதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

காலண்டரும் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. டெங்கு, வயிற்றுப்போக்கு, வீசிங் எல்லாம் சேர்ந்து வரும் காலம் அது. சாலை துண்டிக்கப்பட்டால் கிடங்கிலிருந்து வண்டி வராது என்பதை 2015 வெள்ளத்தில் சென்னையும் கடலூரும் பார்த்தன. செப்டம்பர் கடைசிக்குள் சிவப்புப் பட்டியல் நிரம்பியிருக்க வேண்டும். லோரசிபாம், சக்சினில்கோலின் போன்றவை ஃப்ரிட்ஜில் இருப்பவை. ஜெனரேட்டர் நின்றால் எந்த ஐஸ் பெட்டிக்குள் போகும் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், காலாவதித் தேதி. முதலில் காலாவதியாவது முன் வரிசையில், புதியது பின்னால். அரிதாகப் பயன்படும் மருந்து மூன்று மாதத்தில் காலாவதியாகப் போகிறது என்றால், அது அதிகம் செலவாகும் பெரிய மருத்துவமனைக்குக் கொடுத்துப் புதிய பேட்ச் கேட்டு வாங்குங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வயலைக் குப்பையில் போடுவது, வேறொரு குழந்தையின் டோஸைப் போடுவதுதான்.

மாற்று மருந்துத் தாள்: இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

ஒவ்வொரு சிவப்பு, மஞ்சள் மருந்துக்கும் 'இது இல்லையென்றால் அது, அதுவும் இல்லையென்றால் இது' என்று எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது. கிலோவுக்கு எவ்வளவு, எதில் கலப்பது, எவ்வளவு வேகத்தில் கொடுப்பது, என்ன ஆபத்து, எல்லாம் அதே வரியில் வேண்டும். குழந்தை மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகே சுவரில் ஒட்ட வேண்டும்.

வலிப்பை எடுத்துக்கொள்வோம். லோரசிபாம் கிலோவுக்கு 0.1 மி.கி. நரம்பில். அது இல்லையென்றால் மிடசோலம் கிலோவுக்கு 0.2 மி.கி. தசையிலோ மூக்கிலோ கொடுக்கலாம். நரம்பு தேடும் நேரமும் மிச்சம். டயசிபாம் இருந்தால் ஆசனவாய் வழியே கிலோவுக்கு 0.5 மி.கி. இதற்கும் நிற்காத வலிப்புக்கு அடுத்த கட்டம் லெவெடிராசெட்டம் 60 மி.கி., ஃபாஸ்ஃபெனிடாயின் 20 மி.கி., வால்புரோயேட் 40 மி.கி., எல்லாம் கிலோவுக்கு. 2019இல் வெளிவந்த ஈசெட் என்ற பெரிய ஆய்வு, இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, சுமார் பாதிப் பேருக்கு, வலிப்பை நிறுத்துவதாகக் காட்டியது. இது நமக்கு எவ்வளவு பெரிய உதவி பாருங்கள். மூன்றில் எது அலமாரியில் இருக்கிறதோ அதைத் தயங்காமல் எடுக்கலாம். கல்லீரல் நோயோ பிறவி வளர்சிதைமாற்ற நோயோ சந்தேகமுள்ள குழந்தைக்கு வால்புரோயேட்டைத் தவிர்க்க வேண்டும். ஃபாஸ்ஃபெனிடாயினுக்குப் பதில் ஃபெனிடாயின் என்றால் சலைனில் மட்டுமே கலக்கலாம், டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். இன்னொரு சின்னக் கணக்கு: லெவெடிராசெட்டம் 500 மி.கி. வயலாக வருகிறது. பத்து கிலோ குழந்தைக்கே 600 மி.கி. வேண்டும். ட்ராலியில் ஒரே ஒரு வயல் வைத்திருப்பது போதாத மருந்து வைத்திருப்பதுதான்.

குரூப் எனும் குரைப்பு இருமலோடு மூச்சு இழுக்கும் குழந்தைக்கு அட்ரினலினை நெபுலைஸ் செய்கிறோம். ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள 1 மி.லி. ஆம்பூலில் கிலோவுக்கு 0.5 மி.லி., அதிகபட்சம் 5 மி.லி. என்றால் பத்து கிலோ குழந்தைக்கு ஒரு முறைக்கு ஐந்து ஆம்பூல். அட்ரினலின் குறைவாக இருக்கும் வாரத்தில் வாசலிலேயே டெக்சாமெத்தசோன் கொடுத்துவிடுங்கள், இரண்டாவது நெபுலைசேஷன் பல குழந்தைகளுக்குத் தேவைப்படாது. கிலோவுக்கு 0.6 மி.கி. என்பது வழக்கமான அளவு, 0.15 மி.கி. கொடுக்கும் இடங்களும் உண்டு. சிரப் இல்லையென்றால் ஊசி மருந்தையே வாய் வழியாகக் கொடுக்கலாம். மிச்சமாகும் ஒவ்வோர் ஆம்பூலும் இதயம் நின்று வரும் குழந்தைக்கோ, அனஃபிலாக்சிஸ் எனும் உயிர்போக்கும் ஒவ்வாமைக்கோ ஆகும். அந்த இரண்டுக்கும் அட்ரினலினுக்கு ஈடு எதுவும் இல்லை.

டெக்ஸ்ட்ரோஸ் 10 விழுக்காடு பாட்டில் தீர்ந்துவிட்டதா? 50 விழுக்காடு ஒரு பங்கு, ஸ்டெரைல் வாட்டர் நான்கு பங்கு. 25 விழுக்காடுதான் இருக்கிறது என்றால் அதில் இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. பத்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 5 மி.லி. வீதம் 50 மி.லி. வேண்டும்: 50 விழுக்காட்டில் 10 மி.லி., தண்ணீர் 40 மி.லி. இப்படி எண்ணாகவே தாளில் எழுதிவிடுங்கள். விகிதம் மட்டும் எழுதினால் இரவு இரண்டு மணிக்கு மூளை வேலை செய்யாது.

பச்சிளங்குழந்தைக்குச் செஃப்ட்ரியாக்சோனைக் கால்சியத்தோடு சேர்க்கக் கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். செஃபோடாக்சிம் இல்லாத நாளில்தான் இந்தத் தவறு நடக்கும்.

செறிவு மாறினால் எல்லாரும் நிற்க வேண்டும்

மிடசோலம் ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ளதும் வருகிறது, 5 மி.கி. உள்ளதும் வருகிறது. பத்து கிலோ குழந்தைக்கு 2 மி.கி. என்றால் முதலாவதில் 2 மி.லி., இரண்டாவதில் 0.4 மி.லி. பழைய பழக்கத்தில் 2 மி.லி. இழுத்துவிட்டால் 10 மி.கி. உள்ளே போகும், குழந்தையின் மூச்சு நின்றுவிடும்.

அதனால் என் வார்டில் ஒரு விதி. புதுச் செறிவிலோ புதுக் கம்பெனியிலோ மருந்து வந்தால் பழைய மருந்தோடு ஒரே டப்பாவில் கலக்கக் கூடாது. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டி, '5 கிலோ, 10 கிலோ, 15 கிலோ, 20 கிலோவுக்கு எத்தனை மி.லி.' என்ற புதுச் சீட்டை டப்பாவிலேயே ஒட்ட வேண்டும். ஊசி இழுப்பவர் ஒருவர், ஆம்பூலைப் பார்த்து மி.கி.யையும் மி.லி.யையும் வாய்விட்டுப் படிப்பவர் இன்னொருவர். டாக்டரும் உத்தரவை மி.லி.யில் மட்டும் சொல்லக் கூடாது, மி.கி.யில்தான் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் மூத்தவரிடம் 'டாக்டர், மி.கி.யில் சொல்லுங்க' என்று கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது. கேட்டால் கோபப்படும் மூத்தவர் இருந்தால், அதைச் சரிசெய்வது பிரிவுத் தலைவரின் வேலை.

வழியை மாற்றிப் பாருங்கள்

மருந்து இல்லை என்னும்போது, பல நேரம் அதன் ஒரு வடிவம்தான் இருக்காது. நெபுலைசர் திரவம் தீர்ந்தாலும் இன்ஹேலர் இருக்கும். ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) 4 முதல் 8 பஃப், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று தடவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நெபுலைசேஷனுக்கு நிகராகவே வேலை செய்கிறது. ஸ்பேசரும் இல்லையா? 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டுப் பயன்படுத்தினால் கடை ஸ்பேசர் அளவுக்கே பலன் தருகிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1990களிலேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்து, மயக்க நிலைக்குப் போகும் குழந்தைக்கு மட்டும் நெபுலைசர் திரவத்தை ஒதுக்கி வையுங்கள்.

ட்ரிப் பாட்டில் தட்டுப்பாடு வரும்போது எனக்கு எப்போதும் 1971 நினைவுக்கு வரும். வங்கதேசப் போரில் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸின் குழுவிடம் இருந்த நரம்புவழித் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் சமையல் சோடாவும் குளுகோஸும் கலந்த கரைசலை ட்ரம்களில் நிரப்பி, உறவினர்களையே புகட்டச் சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு 20, 30 என்றிருந்த இறப்பு, அந்த முகாமில் 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. இன்று உலகமெங்கும் பயன்படும் ஓஆர்எஸ் மீது மருத்துவ உலகுக்கு நம்பிக்கை வந்ததில் அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

ஆகவே நீரிழப்பு ஓரளவு உள்ள குழந்தைக்கு ட்ரிப் தேவையில்லை. கிலோவுக்கு 75 மி.லி. ஓஆர்எஸ், நான்கு மணி நேரத்தில், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. குடிக்கவே மாட்டேன் என்றால் மூக்கு வழியே குழாய். ட்ரிப் பாட்டில், அதிர்ச்சி நிலையில் கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்காகக் காத்திருக்கட்டும். அம்மாக்களுக்கு 'ட்ரிப் போடாமல் அனுப்புறாங்களே' என்ற வருத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாலு கரண்டியை நீங்களே ஊட்டிக் காட்டுங்கள், நம்பிக்கை வந்துவிடும்.

யாரிடம் கேட்பது, எங்கே வாங்கக் கூடாது

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்குகளிலிருந்து. பாஸ்புக்கில் ஒதுக்கீடு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதை உங்கள் மருந்தாளுநரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கிடங்கில் இல்லாததற்கு லோக்கல் பர்சேஸ் வழி உண்டு, அதற்கான கடிதத்தின் மாதிரியை முன்பே தட்டச்சு செய்து வைத்திருங்கள். அக்கம்பக்கத்து அரசு மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரி, தனியார் குழந்தைகள் மருத்துவமனைகள், இரவில் திறந்திருக்கும் கடைகள் ஆகியவற்றின் தொலைபேசி எண்கள் ஒரே தாளில் இருக்கட்டும். கடன் வாங்கினால் பேட்ச் எண்ணோடு எழுதி வாங்குங்கள், கடன் கொடுத்தாலும் அப்படியே. எங்கும் கிடைக்கவில்லையென்றால், மருந்துக்காகக் காத்திருந்து குழந்தையைத் தளரவிடாதீர்கள். மருந்து இருக்கும் இடத்தைப் போனில் உறுதி செய்துகொண்டு, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்தி 108இல் அனுப்புங்கள்.

கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும் ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகுதான் வெளியே வருகிறது. அவசரத்தில் வெளியே வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. உரிமம் உள்ள விற்பனையாளரிடம் மட்டும், பில்லோடும் பேட்ச் எண்ணோடும் வாங்குங்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது தட்டுப்பாட்டினால் வந்ததல்ல. ஆனால் உரிமம் உள்ள இடத்திலிருந்து வந்த மருந்தே இப்படி இருக்க முடியும் என்றால், வாட்ஸாப்பில் 'ஸ்டாக் இருக்கு, பில் வேண்டாம்' என்று சொல்பவரிடம் வாங்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

ஒரு வயலைப் பலருக்குப் பகிர்வது

ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய வயலை நாள் முழுக்கத் திறந்து வைத்துக் குத்திக்கொண்டே இருப்பது சிக்கனமாகத் தெரியும், தொற்றுக்கு அதுவே வழி. சுத்தமான இடத்தில், ஒரே நேரத்தில், தனித்தனி ஸ்டெரைல் சிரிஞ்சுகளில் பிரித்து, பெயர், அளவு, நேரம் எழுதிய லேபிள் ஒட்டி, அந்த மருந்துக்குச் சொல்லப்பட்ட நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இதை மருந்தாளுநர் பொறுப்பில் விடுவது நல்லது.

இரண்டு குழந்தைக்கு ஒரு டோஸ்தான் இருக்கிறது என்ற நிலை வந்தால், யாருக்கு என்ற முடிவை இரவு டியூட்டியில் இருக்கும் ஒருவர் தலையில் கட்டக் கூடாது. மருத்துவக் கண்காணிப்பாளர், மூத்த குழந்தை மருத்துவர், நர்ஸிங் பொறுப்பாளர் மூவரும் முன்பே கூடி, எந்த மருந்துக்கு எந்த நோய்க்கு முன்னுரிமை என்று எழுதி வைக்க வேண்டும். யாருடைய பிள்ளை, யார் சிபாரிசு என்பதற்கு அதில் இடமே கிடையாது.

வீட்டுக்கு அனுப்பும்போது

பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. உண்டு, 250 மி.கி. உண்டு. ட்ராப்ஸ் என்றால் ஒரே மி.லி.யில் 100 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. கொடுக்க, முதலாவதில் சுமார் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., ட்ராப்ஸில் 1.5 மி.லி. நாம் '6 மி.லி.' என்று சீட்டில் எழுதி அனுப்ப, கடையில் அந்தச் சிரப் இல்லாமல் ட்ராப்ஸ் கொடுக்க, வீட்டில் 6 மி.லி. புகட்டினால் நான்கு மடங்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படியே போனால் இரண்டு நாளில் கல்லீரல் கெட்டுவிடும். சீட்டில் மி.கி.யையும் செறிவையும் சேர்த்து எழுதுங்கள். 'கடையில் வேறு பாட்டில் கொடுத்தால் புகட்டறதுக்கு முன்னாடி எங்களுக்குப் போன் போடுங்கம்மா' என்று சொல்லி, வார்டு எண்ணை எழுதிக் கொடுங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றும் கையில் கொடுத்தனுப்புங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு.

ஒத்திகை

மாதம் ஒருமுறை, கூட்டம் குறைவான மதியத்தில், பதினைந்து நிமிடம் போதும். ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, 'பன்னிரண்டு கிலோ, வலிப்பு நிற்கவில்லை, மிடசோலம் இல்லை' என்று சொல்லிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது என்பது முதல் ஒத்திகையில் தெரிந்துவிடும். எங்கள் தாள் முதலில் அலமாரிக் கதவின் உள்பக்கம் இருந்தது. கதவைத் திறந்து வைத்தால் சுவரோடு ஒட்டி மறைந்துவிடும். இப்போது கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது.

ஷிஃப்ட் மாறும்போது குழந்தைகளைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, சிவப்புப் பட்டியலில் எது குறைவு, எதன் செறிவு மாறியிருக்கிறது, எது கடனில் வந்தது என்ற மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. நாளை காலை டியூட்டிக்கு வரும்போது அட்ரோபினிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.